வீட்டுவழிக் கல்வி மாணவர் அடையாள அட்டை

வீட்டுவழிக் கல்வி மாணவர் அடையாள அட்டை என்பது, பள்ளியில் சேராமல் பெற்றோரின் பொறுப்பில் வீட்டிலேயே பயிலும் குழந்தை ஒரு மாணவர் என்பதைக் காட்டும் அட்டையாகும். பள்ளி மாணவருக்கு இந்த அட்டையைப் பள்ளி வழங்குகிறது. வீட்டில் பயிலும் குழந்தைக்கு அதை வழங்குவது யார், வழங்கப்பட்ட அட்டை எங்கெல்லாம் செல்லும், செல்லாத இடங்களில் எந்த ஆவணம் உதவும் என்பவை இந்தியாவில் இன்னும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. தமிழ்நாட்டில், குறிப்பாகச் செங்கல்பட்டு மாவட்டத்தின் கேளம்பாக்கம் போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் வாழும் குடும்பங்களை முன்வைத்து இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது.

அட்டை சொல்லும் மூன்று செய்திகள்

பள்ளி அடையாள அட்டை பார்வைக்கு ஒரே அட்டையாக இருந்தாலும் மூன்று தனித்தனிச் செய்திகளைச் சொல்கிறது. இந்தக் குழந்தை யார் என்பது முதலாவது. வயது என்ன என்பது இரண்டாவது. எந்தக் கல்வி நிறுவனத்தின் பதிவேட்டில் பெயர் உள்ளது என்பது மூன்றாவது.

முதல் இரண்டுக்கும் பள்ளியைச் சாராத அரசு ஆவணங்கள் உள்ளன. ஆதார், கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் ஆகியவை பள்ளி அட்டையைவிட வலுவானவை. மூன்றாவது செய்திக்கு மட்டுமே ஒரு நிறுவனத்தின் பதிவேடு தேவைப்படுகிறது. வீட்டில் பயிலும் குழந்தைக்கு இல்லாதது அதுதான். ஆகவே ஓரிடத்தில் மாணவர் அட்டை கேட்கப்பட்டால், அங்கு உண்மையில் தேவைப்படுவது இந்த மூன்றில் எது என்று பார்ப்பதே முதல் வேலை. பல இடங்களில் வயதுச் சான்றே போதுமானதாக இருக்கும்.

வரலாற்றுப் பின்னணி

கற்றலுக்கும் அடையாள அட்டைக்கும் உள்ள தொடர்பு அண்மைக் காலத்தது. தமிழ்நாட்டில் 19-ஆம் நூற்றாண்டு வரை திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும், மடங்களிலும், ஆசிரியரின் வீட்டிலும் கல்வி நடந்தது. அங்கு மாணவருக்குரிய அடையாளம் அவருடைய ஆசிரியரின் பெயரே. திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உ. வே. சாமிநாதையர், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். பட்டமோ பள்ளிச் சான்றிதழோ அவருக்கு அந்தப் பணியைப் பெற்றுத் தரவில்லை. யாரிடம் பாடம் கேட்டார் என்பதும், அப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற தியாகராசச் செட்டியாரின் பரிந்துரையுமே அவருக்குத் துணை நின்றன.

அரசு பள்ளிகளுக்கு அங்கீகாரம் அளித்து, பொதுத்தேர்வு நடத்தி, சலுகைகளையும் பள்ளி வழியாகவே வழங்கத் தொடங்கிய பிறகு நிலை மாறியது. ஆசிரியரின் சொல் இருந்த இடத்துக்குப் பதிவேடு வந்தது. இன்று வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் எதிர்கொள்ளும் பெரும்பாலான நடைமுறைச் சிக்கல்கள் இந்த மாற்றத்திலிருந்து வருபவை.

சட்ட நிலை

2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 21அ உறுப்பைச் சேர்த்து, 6 முதல் 14 வயது வரையான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதைச் செயல்படுத்தும் குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் 10-ஆவது பிரிவு, குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் அக்கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சட்டம் குறிப்பிடவில்லை. வீட்டுவழிக் கல்வியை அனுமதிக்கும் பிரிவும் இல்லை. தடை செய்யும் பிரிவும் இல்லை. வீட்டில் பயின்ற ஒரு மாணவர் சார்பில் தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கில், வீட்டுவழிக் கல்வியைத் தாமாக விரும்பித் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு இச்சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2012-இல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. எனினும் அந்தக் கருத்து சட்டத் திருத்தமாக மாறவில்லை.

இதனால் வீட்டில் பயிலும் குழந்தையைப் பதிவு செய்யும் அலுவலகமோ, அக்குழந்தைக்கு அட்டை வழங்கும் அதிகாரியோ சட்டத்தில் குறிப்பிடப்படவில்லை.

அதே சட்டத்தின் 18-ஆவது பிரிவையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெறாமல் பள்ளி நடத்துவோருக்கு 1 லட்சம் ரூபாய் வரையும், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்க அது வழிசெய்கிறது. தன் குழந்தைக்குத் தானே பாடம் சொல்லித் தருவது பள்ளி நடத்துவது ஆகாது. ஆனால் ஒரு பள்ளிப் பெயரைச் சூட்டி, முத்திரை செய்து, அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கும் அட்டை வழங்கத் தொடங்கினால், அது பள்ளிதானா என்ற கேள்வி எழும்.

பிற நாடுகளில்

வீட்டுவழிக் கல்வி மாணவர் அட்டை என்ற வழக்கம் பரவலாக இருப்பது அமெரிக்காவில்தான். அங்கு எல்லா மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்வி சட்டப்படி செல்லும். 1983-இல் தொடங்கப்பட்ட வீட்டுப்பள்ளிச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் போன்ற அமைப்புகள் தம் உறுப்பினர் குடும்பங்களுக்கு மாணவர் அட்டையும் ஆசிரியர் அட்டையும் கிடைக்கச் செய்கின்றன. வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு ஆசிரியர் சலுகை தரும் வணிக நிறுவனங்களும் அங்கு உள்ளன.

தமிழர் கணிசமாக வாழும் சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடைமுறையில் உள்ளது. அங்கு வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். குழந்தை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதி, வகுத்துரைத்த தரத்தை எட்ட வேண்டும். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பள்ளியிலோ வேறு வகையிலோ தக்க கல்வி அளிப்பதைப் பெற்றோரின் கடமையாகக் கொள்கிறது. ஜெர்மனி வீட்டுவழிக் கல்வியைப் பொதுவாக அனுமதிப்பதில்லை.

வீட்டுவழிக் கல்வி சட்டத்தில் இடம்பெற்ற நாடுகளில், தனியார் அமைப்பு தரும் அட்டைக்கும் ஒரு பின்புலம் கிடைக்கிறது. இந்தியாவில் அந்தப் பின்புலம் இல்லை. எனவே அமெரிக்க இணையதளங்களில் பணம் கட்டி வாங்கும் அட்டை இங்குள்ள அலுவலகங்களில் அங்கீகாரத்தைப் பெற்றுத் தராது.

கேளம்பாக்கம்: ஒரு நடைமுறைப் பார்வை

கேளம்பாக்கம், பழைய மாமல்லபுரம் சாலை எனப்படும் இராஜீவ் காந்தி சாலையில் அமைந்துள்ளது. மேற்கே வண்டலூருக்கும் கிழக்கே கோவளத்துக்கும் செல்லும் சாலைகள் இங்கு பிரிகின்றன. உப்பளங்களும் உப்பங்கழியும் கொண்ட இவ்வூரைச் சுற்றி, சிறுசேரித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் வளர்ச்சியோடு அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகின. மென்பொருள் பணியாளர்களும், கட்டுமானப் பணிக்காகப் பிற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் அருகருகே வாழும் பகுதி இது.

பள்ளிக்குச் செல்லாத குழந்தை என்றதும் இத்தகைய பகுதியில் அதிகாரிகளின் நினைவுக்கு வருவது கட்டுமானத் தொழிலாளர் குடும்பத்துக் குழந்தையே. பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கண்டறியும் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் வீடு வீடாக நடத்தப்படுகிறது. 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கும் சட்டமும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உள்ளன. ஆகவே முற்பகல் 11 மணிக்குக் கடைத்தெருவில் நிற்கும் 10 வயதுச் சிறுவனைப் பார்த்து, ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வி குழந்தைகளைக் காக்கும் அக்கறையிலிருந்து வருவது. அதற்கு நேர்மையான விடை சொல்லவும், பெற்றோரை உடனே தொடர்புகொள்ளவும் வீட்டில் செய்த அட்டை உதவும். அதன் மெய்யான பயன் பெரும்பாலும் இந்த அளவே.

பேருந்து

தமிழ்நாட்டில் 12-ஆம் வகுப்பு வரையான பள்ளி மாணவர்களுக்கு அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயண அட்டை வழங்கப்படுகிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகச் செல்வதால், வீட்டில் பயிலும் குழந்தைக்கு இது கிடைப்பதில்லை. அதே நேரத்தில், 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். ஆகவே வீட்டில் பயிலும் அக்காளும் தம்பியும் கேளம்பாக்கத்திலிருந்து ஒரே சாதாரணப் பேருந்தில் ஏறினால், அக்காள் எந்த அட்டையும் இன்றிக் கட்டணமின்றிச் செல்வாள். தம்பிக்குப் பயணச்சீட்டு வாங்க வேண்டும்.

தொடர்வண்டி

வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்ல மாணவர்களுக்கு இரயில்வே தரும் சலுகைப் பருவச்சீட்டுக்குக் கல்வி நிறுவனத் தலைவரின் சான்று தேவை. முன்பதிவுப் பயணத்தில் ஏற்கப்படும் அடையாளச் சான்றுகளின் பட்டியலில் மாணவர் அட்டை உண்டு. ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட பள்ளி அல்லது கல்லூரி வழங்கிய, ஒளிப்படத்துடன் கூடிய அட்டையாக இருக்க வேண்டும். வீட்டில் பயிலும் குழந்தை ஆதாரை எடுத்துச் சென்றால் போதும். 5 முதல் 12 வயதுக்குட்பட்டோருக்கான குழந்தைக் கட்டணம் வயதைப் பொறுத்தது. மாணவரா என்பதைப் பொறுத்ததன்று.

மாமல்லபுரமும் சுற்றியுள்ள இடங்களும்

1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயில், ஐந்து இரதங்கள் ஆகியவற்றைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. அங்கு 15 வயதுக்குட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இங்கும் கேட்கப்படுவது வயதே. முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா போன்ற தனியார் அருங்காட்சியகங்கள் மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் வைப்பதுண்டு. அத்தகைய இடங்களில் வீட்டு அட்டையை ஏற்பதா என்பது அந்த நிறுவனத்தின் விருப்பம். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு செல்வது நல்லது.

விளையாட்டுப் போட்டிகள்

பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் பள்ளிச் சான்று இன்றிக் கலந்துகொள்ள இயலாது. ஆனால் தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி, கல்லூரிப் பிரிவுகளுடன் பொதுப்பிரிவும் உள்ளது. விளையாட்டுச் சங்கங்களும் மன்றங்களும் நடத்தும் வயதுவாரிப் போட்டிகளில் பிறப்புச் சான்றிதழே முதன்மை ஆவணம்.

அரசு ஏற்கும் அட்டையைப் பெறும் வழிகள்

வீட்டிலேயே படித்துக்கொண்டு, முறையான மாணவர் அட்டையையும் பெற ஒரு வழி உண்டு. நொய்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989-இல் தொடங்கப்பட்டது. இது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தன்னாட்சி அமைப்பு. சென்னையிலும் இதற்கு மண்டல மையம் உள்ளது. 10-ஆம் வகுப்புக்கு நிகரான இடைநிலைப் படிப்பில் சேரக் குறைந்தது 14 வயது நிறைந்திருக்க வேண்டும். 8-ஆம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர், அப்படிப்பைத் தொடரும் அளவுக்குக் கற்றிருப்பதாகத் தாமே உறுதிமொழி அளித்தும் சேரலாம். வீட்டில் பயின்றவருக்குப் பெரிதும் உதவும் விதி இது.

சேர்க்கை உறுதியானதும் பதிவு எண், ஒளிப்படம், படிப்பு மையத்தின் பெயர் ஆகியவற்றுடன் அடையாள அட்டை கிடைக்கும். நேர்முக வகுப்புகளுக்கும் தேர்வுக் கூடத்துக்கும் இந்த அட்டை தேவை. பதிவு 5 ஆண்டுகள் செல்லும். ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பர் மாதங்களிலும் பொதுத்தேர்வு நடைபெறும். இந்நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு நிகரான அ, ஆ, இ என மூன்று நிலைகளும் உள்ளன. அவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற மையங்கள் வழியாகவே சேர வேண்டும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் தேர்வெழுத விரும்புவோருக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வர் முறை உள்ளது. 12½ வயது நிறைந்தவர்கள் 8-ஆம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதன் பிறகு 10-ஆம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்னதாகவே பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தனித்தேர்வருக்கு மாணவர் அட்டை வழங்கப்படுவதில்லை. ஒளிப்படத்துடன் கூடிய தேர்வுக்கூட நுழைவுச்சீட்டும், பின்னர் பெறும் மதிப்பெண் சான்றிதழுமே அவருடைய ஆவணங்கள்.

அட்டையால் ஈடுசெய்ய முடியாதவை

சில உரிமைகள் பள்ளியில் பயின்ற ஆண்டுகளோடு இணைக்கப்பட்டவை. வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் முன் இவற்றைப் பெற்றோர் எண்ணிப் பார்ப்பது அவசியம்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் அதுபோன்ற ஒதுக்கீடு வந்தது. இவற்றைப் பெற 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும். உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 2022-ஆம் ஆண்டின் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கான 2024-ஆம் ஆண்டின் தமிழ்ப் புதல்வன் திட்டமும் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையான பள்ளிப் படிப்பையே அடிப்படையாகக் கொண்டவை. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு இந்த இழப்பு சிறிதன்று. எந்த அடையாள அட்டையும் இதைச் சரிசெய்யாது.

பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் தமிழ்நாட்டில் எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் மேலாண்மை முறைமையில் ஓர் எண் உண்டு. நாடு முழுவதும் அபார் என்ற 12 இலக்க மாணவர் எண்ணும் பள்ளிப் பதிவேட்டின் அடிப்படையில், பெற்றோரின் ஒப்புதலுடன் உருவாக்கப்படுகிறது. பள்ளிப் பதிவு இல்லாத குழந்தைக்கு இவ்வெண்களும் இல்லை.

மறுபுறம், அட்டை இல்லாததால் இழக்கத் தேவையில்லாத உரிமையும் ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, பள்ளியில் சேராத 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிற மாணவர்களுக்கு இணையாக வரச் சிறப்புப் பயிற்சி பெறவும் அக்குழந்தைக்கு உரிமை உண்டு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 14-ஆவது பிரிவு கூறுகிறது. வீட்டில் 4 ஆண்டுகள் பயின்ற 10 வயதுக் குழந்தை, மாற்றுச் சான்றிதழோ மாணவர் அட்டையோ இன்றி அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குத் திரும்ப இச்சட்டம் வழிவிடுகிறது. வீட்டுவழிக் கல்வி ஒத்துவராத குடும்பங்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வீட்டிலேயே அட்டை செய்யும்போது

குழந்தையின் பாதுகாப்புக்காகவும் அறிமுகத்துக்காகவும் பெற்றோர் ஓர் அட்டை செய்து தருவதில் தவறில்லை. அதில் இடம்பெறத் தக்கவை: குழந்தையின் பெயர், அண்மை ஒளிப்படம், பிறந்த ஆண்டு, குருதி வகை, பெற்றோரின் பெயரும் கைபேசி எண்ணும், அட்டை செல்லும் காலம், "பெற்றோர் பொறுப்பில் வீட்டுவழிக் கல்வி பயில்பவர்" என்ற ஒரு வரி, பெற்றோரின் கையொப்பம்.

தவிர்க்க வேண்டியவை:

- உண்மையில் இல்லாத பள்ளியின் பெயர், முதல்வர் கையொப்பம், முத்திரை.
- வேறொரு பள்ளியின் பெயரும் சின்னமும். போலி ஆவணம் உருவாக்குவதும், அதை உண்மை ஆவணம்போல் பயன்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றங்கள்.
- நான்முகச் சிங்க இலச்சினை. அதன் தவறான பயன்பாட்டை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.
- "அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற தொடர்.
- ஆதார் எண். அட்டை தொலைந்தால் எண்ணும் பிறர் கைக்குப் போகும்.

அட்டை வழங்குவதாகச் சொல்லிக் குழந்தையின் ஒளிப்படம், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றைக் கேட்கும் இணையதளங்களிடம் எச்சரிக்கை தேவை. 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

குழந்தையின் மனநிலையும் இதில் கருதத்தக்கது. இல்லாத பள்ளியின் பெயரைச் சொல்லுமாறு பழக்கப்பட்ட குழந்தை, தன் படிப்பு மறைக்க வேண்டிய ஒன்று என்று எண்ணத் தொடங்கும். "வீட்டில் படிக்கிறேன், அம்மாவின் எண் இது" என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்கு அந்தத் தயக்கம் இராது.

சேர்த்து வைக்க வேண்டிய ஆவணங்கள்

வீட்டில் பயிலும் குழந்தைக்கு அட்டையைவிட ஆவணக் கோப்பே நீண்ட காலம் பயன்படும். அதில் முதலாவது பிறப்புச் சான்றிதழ். பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டத்தின்படி, 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குக் கல்வி நிறுவனச் சேர்க்கை உள்ளிட்டவற்றில் பிறந்த நாளுக்கான சான்று இதுவே. அதற்கு முன் பிறந்தவர்களும் குழந்தையின் பெயர் சான்றிதழில் பதிவாகியுள்ளதா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பெயரில்லாத சான்றிதழைப் பள்ளிச் சேர்க்கையின்போது திருத்தும் குடும்பங்கள் பல உள்ளன. வீட்டில் பயிலும் குழந்தைக்கு அந்தத் தருணம் வாராமலே போகலாம்.

அடுத்தது ஆதார். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் புதுப்பிக்க வேண்டும். இதையும் பள்ளி நினைவூட்டாது என்பதால் பெற்றோரே குறித்து வைக்க வேண்டும். ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் 14 வயதில் இந்த வேறுபாடு தெரியவந்தால், திருத்துவதற்குள் விண்ணப்ப நாள் கடந்துவிடக்கூடும்.

மூன்றாவது கற்றல் பதிவேடு. எந்த ஆண்டில் எந்த நூல்களைப் படித்தது, எங்கெல்லாம் பயிற்சி பெற்றது, எழுதிய கட்டுரைகள், செய்த கணக்குகள், கலந்துகொண்ட போட்டிகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தேதியிட்டுச் சேர்த்து வைப்பது இது. அரசு இதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆயினும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு வரும் நாளில், குழந்தை உண்மையாகவே கற்கிறது என்பதை இப்பதிவேடு காட்டும். பின்னர் பள்ளியில் சேரும்போது எந்த வகுப்பு ஏற்றது, எங்கு கூடுதல் பயிற்சி தேவை என்று ஆசிரியர் முடிவு செய்யவும் அது துணைசெய்யும்.